பூ நின்ற தண்ணீர்

அந்தக் கோடையில் தனக்கு நடந்ததில் பாதியைத்தான் ரங்கம்மா நேரில் அறிவாள். மீதிப் பாதியை மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டாள். ஆனால் இப்போது யாரிடம் சொன்னாலும் முழுவதையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் போலத்தான் சொல்கிறாள். கேட்பவர்களும் அதில் குறை காண்பதில்லை.

பாகலூரிலிருந்து பேரிகை போகிற சாலையை ஒட்டிய ஒரு ரோஜாப் பண்ணையில் அவளுக்கு வேலை. சேர்ந்து ஏழெட்டு வருடம் இருக்கும். கணவன் திம்மப்பன் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பெட்டி ஏற்றி இறக்குகிறவன். ஒரே மகள் கவிப்ரியா ஓசூரில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் மூன்று பேரும் மூன்று திசையில் கிளம்பினால் சாயங்காலம்தான் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

பண்ணையில் பிளாஸ்டிக் கூரை போட்ட நீள நீளமான கூடாரங்கள் இருந்தன. பாலிஹவுஸ் என்று பெயர். அவற்றுக்குள் வரிசை வரிசையாக ரோஜாச் செடிகள். அறுத்த பூக்களை வாளித் தண்ணீரில் நிறுத்திக் கொண்டுவந்து, பெரிய ஹாலில் வைத்து நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டுவார்கள். கட்டிய பூக்களை மறுபடி வாளிகளில் நிறுத்தி ஹாலை ஒட்டிய குளிர் அறையில் வைப்பார்கள். சாயங்காலம் வண்டி வந்து பெங்களூரு விமான நிலையத்துக்கு எடுத்துப்போகும்.

அந்தக் குளிர் அறைக்குப் பொறுப்பு முனிராஜ். ஐம்பது வயதை நெருங்கிய மனிதர். ஊரே வெந்துகொண்டிருக்கும்போது ஸ்வெட்டரும் காதை மூடிய குல்லாவுமாக நிற்பார். வாளி வைக்க வந்தவர்கள் கதவருகே கொஞ்சம் தயங்கி நின்றால் போதும், குளிர் வெளியே போகிறது, கதவைச் சாத்து என்று விரட்டுவார். கோடை தொடங்கின புதிதில் ஒருநாள் ரங்கம்மா அந்தக் கதவிடுக்கில் முகத்தைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றுவிட்டாள். இது என்ன உங்க மாமியார் வூடா என்று அவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். அன்றிலிருந்து அவள் அவரோடு பேசுவதில்லை. வாளியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவாள். பெண்கள் தங்களுக்குள் அவரை ஐஸ்பெட்டி என்றுதான் சொல்வார்கள்.

ஓசூர்ப் பக்கத்து ஆட்களுக்கு வெயில் பழக்கமில்லை என்று கீழே சமவெளியில் இருக்கிற கீழ்ச்சீமைக்காரர்கள் கேலி செய்வது வழக்கம். ரங்கம்மாவோடு ஒரே வரிசையில் பூ அறுக்கிற மாதம்மாள் ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி இங்கே வந்தவள். ஏப்ரலில் இங்கே யாராவது வெயில் என்று முனகினால், இதெல்லாம் எங்க ஊர்ல காலை வெயிலு என்பாள். அந்த வருடம் மாதம்மாளே வாயை மூடிக்கொண்டாள். சித்திரை பிறப்பதற்கு முன்பே மதிய நேரத்தில் சாலையில் நாய்கூட நடக்கவில்லை. தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. வழக்கமாக ஏப்ரலில் ஒன்றிரண்டு முறை இடி இடித்துப் பெய்கிற மழை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டதால், பாலிஹவுஸுக்குள் பனிபோலத் தண்ணீர் தெளிக்கிற குழாய்களையும் நிறுத்திவிட்டார்கள். பக்கத்துத் திரைகளைச் சுருட்டி விட்டும் உள்ளே காற்று அசையவில்லை. அந்தக் கூரையின் கீழே நிற்பது மூடிபோட்ட இட்லிப் பானைக்குள் நிற்பதுபோல இருந்தது.

அதைவிடப் பெரிய தொல்லை, வெயிலுக்கு மொட்டுகள் சீக்கிரம் விரிந்துவிடுவது. விரிந்த ரோஜாவை வெளியூர்க்காரர்கள் வாங்கமாட்டார்கள். ஆகவே காலையிலும் சாயங்காலமும் மட்டும் அறுத்தது போய், நடுப்பகலிலும் ஒருமுறை அறுக்க வேண்டியதாயிற்று. வெயில் ஏற ஏற வேலையும் ஏறியது.

பண்ணை முதலாளி பெங்களூருவில் இருப்பவர். வாரத்துக்கு ஒருமுறை வருவார். கல்நெஞ்சக்காரர் இல்லை. ஒவ்வொரு பாலிஹவுஸ் வாசலிலும் தண்ணீர்க் கேன் வைக்கச் சொல்லியிருந்தார். பதினோரு மணிக்கு மோர் வரும். மேற்பார்வைக்கு இருந்த சுவேதா, விவசாயப் படிப்பு முடித்து வந்த பெண், ஒவ்வொரு வரிசையாக வந்து தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டுவிட்டுப் போவாள். குடிச்சோம் மேடம் என்று எல்லோரும் சொல்வார்கள்.

ஆனால் எல்லோரும் குடிப்பதில்லை. ஆண்கள் குடித்தார்கள், பெண்கள் குடிக்கவில்லை.

காரணம் வெளியில் சொல்லக்கூடியதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. பெண்களுக்கென்று இருந்த ஒரே கழிப்பறை பண்ணையின் கடைசியில், மோட்டார் ரூமுக்குப் பின்னால் இருந்தது. அங்கே போக வேண்டுமானால் லாரிகளிலிருந்து உரம் இறக்குகிற ஆண்களைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தண்ணீர் வருவது நின்று பல வாரங்கள் ஆகிவிட்டன. முன்பெல்லாம் வேலிக்கு அப்பால் தைலமரத் தோப்பு இருந்தது, ஒதுங்கப் போதுமானதாக இருந்தது. போன வருடம் தோப்பை வெட்டி மனைகளாகப் பிரித்துக் கல் நட்டுவிட்டார்கள். இப்போது அது திறந்த வெளி. அதன் ஓரமாகக் கம்பெனி பஸ்கள் போகும். ஆகவே பெண்கள் எல்லோரும் பேசிவைக்காமலே ஒரே வழியைக் கண்டுபிடித்திருந்தார்கள். காலையில் வீட்டில் ஒரு டம்ளர் காபி, பிறகு சாயங்காலம் வீடு திரும்பும்வரை தொண்டையை நனைக்கிற அளவுக்கு ஒரு வாய். அவ்வளவுதான்.

திம்மப்பன் அவளுக்குத் தினமும் பெரிய பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பையில் வைத்து அனுப்புவான். அவள் சாயங்காலம் வந்ததும் அதை அப்படியே வாசலிலிருந்த கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, காலிப் பாட்டிலைத் திண்டில் வைப்பாள். அவன் அதைப் பார்த்துத் திருப்திப்படுவான். அந்தக் கோடையில் தெருவில் வேறெந்தச் செடியும் அப்படித் தழைக்கவில்லை.

ஒருநாள் காலையில் எழுந்ததிலிருந்தே அவளுக்குத் தலை கனத்தது. ராத்திரி முழுவதும் சிமெண்ட் ஷீட் கூரை அனலைக் கக்கியதில் யாருமே சரியாகத் தூங்கியிருக்கவில்லை. லீவு போட்டு விடேன் என்று திம்மப்பன் சொன்னான். முகூர்த்த நாட்கள் நெருங்குகின்றன, ஆள் குறைவு, மாதம்மாள் தனியாக மாட்டிக்கொள்வாள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

காலை அறுப்பு எப்படியோ முடிந்தது. மோர் வந்தபோது அவள் வாங்கிப் பக்கத்திலிருந்த பையனிடம் கொடுத்துவிட்டாள். நடுப்பகல் அறுப்புக்கு மறுபடி உள்ளே நுழைந்தபோது ஆடுசதை இழுத்துப் பிடித்தது. குனிந்து நீவிவிட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஒன்று புரிந்தது. காலையிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்த வியர்வை நின்றுவிட்டிருந்தது. நெற்றியைத் தொட்டால் காய்ந்த சுவர்போல இருந்தது. பரவாயில்லை, உடம்பு பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அதுதான் அவளுக்குத் தெளிவாக நினைவிருக்கிற கடைசி எண்ணம்.

அதற்குப் பிறகு எல்லாம் துண்டு துண்டாகத்தான். சிவப்பு ரோஜாக்கள் வெளுத்துக்கொண்டே போயின. அவள் மாதம்மாளைத் தன் தங்கை பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அடுப்பில் களி கிண்டி வைத்திருக்கிறேன், இறக்கு என்றாளாம். மாதம்மாள் முதலில் சிரித்துவிட்டாள். பிறகு அவள் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எட்டிப் பிடிப்பதற்குள் ரங்கம்மா செடிகளின் மேலேயே சரிந்தாள். கையிலும் கன்னத்திலும் முள் கிழித்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

மாதம்மாள் போட்ட கூச்சலில் பக்கத்து வரிசைப் பெண்கள் ஓடிவந்தார்கள். பூ வாளிகளைத் தள்ளிவருகிற நாலு சக்கர வண்டியில் அவளைக் கிடத்தி ஹாலுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். உடம்பைத் தொட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போலக் கொதித்தது. ஒருத்தி செம்பில் தண்ணீர் எடுத்து வாயில் ஊற்றப் போனாள். சுவேதா அதற்குள் 108க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். மறுமுனையில் ஒரு பெண் குரல், பதற்றமே இல்லாமல், நினைவு இல்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம் என்றது. வண்டி கிளம்பிவிட்டது, வருவதற்குக் கொஞ்ச நேரமாகும், அதுவரைக்கும் உடம்பை எப்படியாவது குளிர வையுங்கள், துணியைத் தளர்த்திவிட்டு உடம்பு முழுக்க நல்ல குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறுங்கள், நிறுத்தாதீர்கள் என்றது.

ஒருத்தி குழாயைத் திறந்தாள். மேலே கறுப்புத் தொட்டியில் காலையிலிருந்து காய்ந்த தண்ணீர் சுடச்சுடக் கொட்டியது. கையில் பட்டதும் அவள் உதறிக்கொண்டாள். குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அதை ஊற்றினார்கள், அதுவும் தீர்ந்தது. சுவேதாவின் கையிலிருந்து போன் நழுவிக் கீழே விழுந்தது. தரையில் கிடந்தபடியே அது, ஊத்துறீங்களா, நிறுத்தாதீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தது.

முனிராஜ் குளிர் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பினார். யார் கதவைத் திறந்தாலும் கத்துகிற அந்த மனிதர் கதவை அகலத் திறந்து, அது மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு வாளியை முட்டுக்கொடுத்தார். முதல் வாளியிலிருந்த ரோஜாக் கட்டுகளை ஒரே அணைப்பில் வெளியே இழுத்துத் தரையில் போட்டார். தண்ணீர் வாளியைத் தூக்கிவந்து பெண்கள் பக்கத்தில் வைத்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே அடுத்த வாளிக்கு ஓடினார். அதற்குள் மாதம்மாள் இரண்டு பெண்களிடம் ஒரு படுதாவைக் கொடுத்து மறைப்பாகப் பிடிக்கச் சொல்லி, ரங்கம்மாவின் சேலையைத் தளர்த்தியிருந்தாள்.

பனிக்கட்டியாகும் தறுவாயில் இருந்த தண்ணீர் அது. தலையில், கழுத்தில், அக்குளில், தொடையில் என்று மாதம்மாள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள் பூப் பெட்டிகளின் அட்டையைக் கிழித்து விசிறினார்கள். முனிராஜ் வாளி வாளியாகக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தார். காலையிலிருந்து அத்தனை பேர் அறுத்துக் கட்டிய பூ அவ்வளவும் தரையில் குவிந்து கிடந்தது. குளிர் அறைக் குளிர் முழுவதும் ஹாலுக்குள் வந்து, ஹாலைத் தாண்டி வெயிலில் கரைந்து போனது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸ் வருவதற்குச் சற்று முன்னால் ரங்கம்மாவின் உதடு நடுங்கியது. குளுருது என்று ஒரு சொல் சொன்னாளாம். அதைக் கேட்டு மாதம்மாள் வாளியைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதுவிட்டாள்.

கண் விழித்தபோது ஓசூர் ஆஸ்பத்திரியில் கட்டிலின் தலைமாட்டில் திம்மப்பன் நின்றுகொண்டிருந்தான். கம்பெனிச் சீருடையோடு வந்திருந்தான். கவிப்ரியா காலை நீவிக்கொண்டிருந்தாள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. நாள் பூராவும் எங்கே போயிருந்தோம் என்று அவளுக்கு விளங்கவில்லை. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை டாக்டரம்மா வந்து எல்லாவற்றையும் பார்த்தார். ஆபத்தைத் தாண்டிவிட்டீர்கள், ஆனால் சிறுநீரகம் நன்றாக அடிவாங்கியிருக்கிறது, இரண்டு மூன்று நாள் இங்கேயே இருக்க வேண்டும் என்றார்.

"இங்க கொண்டு வர்றதுக்கு முன்னாடியே உங்க உடம்பச் சரியா குளிர வச்சிருக்காங்கம்மா. அது நடக்கலைன்னா நாங்க என்ன பண்ணியும் பிரயோஜனம் இருந்திருக்காது. யார் அவங்க?"

ரங்கம்மாவுக்குத் தெரியவில்லை. திம்மப்பன்தான், குளிர் அறையில் வேலை செய்கிறவர் பூ வாளித் தண்ணீரை எடுத்துக் கொடுத்தாராம், பேர் முனிராஜாம், மாதம்மாள் போனில் சொன்னாள் என்றான். ரங்கம்மா அவனையே பார்த்தாள். சரியாகக் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறானா என்று மறுபடி ஒருமுறை கேட்டாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. உடம்பில் மறுபடி தண்ணீர் ஊறுகிறது என்பதே அப்போது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

டாக்டரம்மா போகும்முன் இன்னொன்று கேட்டார். தண்ணீர் குடிப்பதுண்டா, எவ்வளவு குடிப்பீர்கள்? திம்மப்பன் முந்திக்கொண்டு, பாட்டில் நிறையக் குடிக்கிறாள், தினமும் காலியாகத்தான் வரும் என்றான். டாக்டரம்மா நம்பாத முகத்தோடு எழுதிக்கொண்டு போனார். அவர் போனதும் ரங்கம்மா கறிவேப்பிலைச் செடி விஷயத்தைப் புருஷனிடம் சொன்னாள். அவன் கோபப்படவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல என்று மட்டும் கேட்டான்.

அன்று சாயங்காலம் சுவேதா பார்க்க வந்தாள். இளநீர் வாங்கி வந்திருந்தாள். ரங்கம்மாவுக்கு முதலில் கேட்க வேண்டியிருந்தது முனிராஜின் வேலையைப் பற்றித்தான். அத்தனை பூவும் போயிற்றே, முதலாளி அவரை என்ன செய்தார்?

சுவேதா சொன்னாள். முதலாளி விஷயம் கேள்விப்பட்டு அன்றைக்கே காரில் வந்துவிட்டார். தரையில் வாடிக் கிடந்த பூவைப் பார்த்தார், திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். யார் திறந்தது என்று கேட்டார். நான்தான் என்று முனிராஜ் சொன்னார். அந்தம்மா எப்படி இருக்காங்க என்று முதலாளி கேட்டார். பிழைத்துவிட்டாள் என்று தெரிந்ததும் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், இன்றைக்குப் பூ வராது என்று வாங்குகிறவர்களுக்குச் சொன்னார். அதோடு சரி.

ரங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். சுவேதாவையா, முதலாளியையா, மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியையா என்று தெரியவில்லை.

இன்னும் என்னென்ன செய்யலாம் என்று முதலாளி கேட்டு வரச் சொல்லியிருக்கிறார் என்றாள் சுவேதா. மோரை இரண்டு வேளையாக ஆக்கலாம், உப்பு சர்க்கரைக் கரைசல் வைக்கலாம், கேன்களில் ஐஸ் போடலாம் என்று அடுக்கினாள். ரங்கம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். சொல்வதா வேண்டாமா என்று யோசித்தாள். செத்துப் பிழைத்த பிறகு வெட்கம் என்ன என்று தோன்றியது.

"எத்தினி மோரு குடுத்தாலும் நாங்க குடிக்கமாட்டோம் மேடம். குடிச்சா போறதுக்கு எடம் வேணுமில்ல? அந்த மோட்டார் ரூம் பக்கம் பொம்பளைங்க யாரும் போறதில்ல. காலையில வூட்டுல இருந்து கெளம்புனா சாயங்காலம் வூட்டுக்கு வந்துதான். எல்லாரும் அடக்கிக்கினுதான் இருக்கறோம்."

சுவேதா தலையைக் குனிந்து இளநீரில் இருந்த ஸ்ட்ராவைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"நானும்தாங்க்கா குடிக்கறதில்ல. தாங்க முடியலன்னா ஸ்கூட்டர எடுத்துக்கினு பேரிகை பெட்ரோல் பங்குக்குப் போயிட்டு வருவேன். ஆபீஸ் வேலைன்னு சொல்லிக்குவேன். உங்ககிட்ட எல்லாம் தண்ணி குடிச்சீங்களான்னு கேட்டுக்கினு வந்தவ நான்தான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் முதலில் என்று தெரியவில்லை, இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரி என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தாள்.

சுவேதா அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டாள். நான் சொல்வதைவிட நீங்களே சொல்லுங்கள் என்று ரங்கம்மாவிடம் கொடுத்தாள். ரங்கம்மா இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். இத்தனை வருடத்தில் இதை யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்றார் முதலாளி. அதில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது. எப்படிங்க சார் சொல்றது என்றாள் ரங்கம்மா. அதுவும் சரிதான் என்று அவர் ஒப்புக்கொண்டார்.

அவள் வேலைக்குத் திரும்ப மூன்று வாரம் ஆயிற்று. டாக்டரம்மா போகச் சொன்ன பிறகும் திம்மப்பன் ஒரு வாரம் விடவில்லை. திரும்பிப் போன அன்று மாதம்மாள் அவள் கையைப் பிடித்து நேராக ஹாலுக்குப் பின்பக்கம் இழுத்துப் போனாள். புதிதாக இரண்டு கழிப்பறைகள். சுவரில் சிமெண்ட் ஈரம் காயவில்லை. தாழ்ப்பாள் உள்ளே ஒன்று, அதற்கு மேலே இன்னொன்று. டேங்கர் தண்ணீரில் தனியாகத் தொட்டி நிரப்பியிருந்தார்கள். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார் என்று மாதம்மாள் வெளியே நின்று வற்புறுத்தினாள், ஏதோ புது வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவள்போல.

வேலை நேரமும் மாறியிருந்தது. வெளிச்சம் வந்ததும் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் பாலிஹவுஸை விட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். நடுப்பகல் அறுப்பு இனிமேல் கிடையாது. அதனால் விரிந்துவிடுகிற பூவை உள்ளூர்ப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடுவதாக ஏற்பாடு. மத்தியானத்தில் ஹாலில் உட்கார்ந்து கட்டுகிற வேலை மட்டும். பதினோரு மணிக்கு மோர் வந்தபோது ரங்கம்மா இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தாள். பெண்கள் பக்கத்தில் பாத்திரம் காலியாகி, முதல் தடவையாக ஆண்களுக்குப் பற்றாமல் போயிற்று.

முனிராஜிடம் என்ன சொல்வது என்று அவள் வீட்டில் பலமுறை யோசித்து வைத்திருந்தாள். வாளியோடு குளிர் அறை வாசலுக்குப் போனபோது ஒன்றும் வரவில்லை. அவர் வாளியை வாங்கிக்கொண்டு, ஒடம்பு பரவால்லையா என்றார். பரவாயில்லை அண்ணா என்றாள். சரி, கதவைச் சாத்திட்டுப் போ என்றார். அவ்வளவுதான். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து மாதம்மாளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் அதோடு விட அவளுக்கு மனம் ஒப்பவில்லை. 108இல் பேசின அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல வழியில்லை. எந்த ஊர், என்ன பேர் என்று தெரியாது. கூப்பிட்டுச் சொல்லலாமா என்று மகளிடம் கேட்டதற்கு, வேண்டாம்மா, அந்த நேரத்துல நெசமாவே யாராவது கூப்புட்டுக்கினு இருப்பாங்க என்றாள் கவிப்ரியா. அதனால் விளக்கேற்றும்போது ஒரு நிமிடம் அந்தக் குரலை நினைத்துக்கொள்வதோடு விட்டாள். முனிராஜோ இதோ பேரிகையில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியிலிருந்து வந்த மாம்பழமாகப் பார்த்து ஒரு கூடை வாங்கிக்கொண்டு மூன்று பேருமாக பஸ் ஏறினார்கள்.

கதவைத் திறந்தது முனிராஜின் மனைவி கெம்பம்மா. அத்திப்பள்ளிப் பக்கத்துக் கன்னடக்காரி. யார் என்று தெரியாமலே கன்னடத்தில் "பன்னி, பன்னி", வாங்க வாங்க என்று உள்ளே அழைத்தாள். சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை வீடு. உள்ளே கால் வைத்ததும் அனல் முகத்தில் அடித்தது. பகலெல்லாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிற மனிதர் ராத்திரி இந்த அடுப்புக்குள்தான் படுக்கிறார் என்று ரங்கம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கெம்பம்மா பாயை எடுத்துக்கொண்டு எல்லோரையும் பின்பக்கத்துப் புங்கமர நிழலுக்குக் கூட்டிப்போனாள். முனிராஜ் பனியனோடு உட்கார்ந்திருந்தவர் இவர்களைப் பார்த்ததும் எழுந்து சட்டையைத் தேடி உள்ளே ஓடினார்.

எதற்கு மாம்பழம் என்று கெம்பம்மா கேட்டாள். திம்மப்பன் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தான். பாதியிலேயே அவள் முகம் மாறியது. அவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது கன்னடத்தில் என்னவோ படபடவென்று கேட்டாள். அவர் தரையைப் பார்த்தார். கெம்பம்மா ரங்கம்மாவிடம் திரும்பினாள்.

"ஒரு வார்த்த சொல்லலக்கா இவரு. அன்னிக்கு ராத்திரி கை மரத்துப் போச்சுன்னு எண்ண போட்டுத் தேய்க்கச் சொன்னாரு. கோல்டு ரூமுல வேல சாஸ்தின்னு நெனச்சிக்கினன்."

"என்னாத்த சொல்றது?" என்றார் முனிராஜ். "போன்ல அந்தப் பொண்ணு குளுந்த தண்ணி ஊத்துங்கன்னுச்சு. பக்கத்துல இருந்த குளுந்த தண்ணி அதுதான். நான் ஒண்ணும் யோசிக்கல."

ரங்கம்மா அவருடைய கைகளைப் பார்த்தாள். சொரசொரத்த, முள் குத்தின தழும்பு நிறைந்த கைகள். நன்றி என்ற சொல்லை அவள் மேடையில் பேசுகிறவர்களிடம்தான் கேட்டிருக்கிறாள். அது இந்த இடத்துக்குப் பொருந்தாது என்று தோன்றியது.

"அண்ணா, எம் பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சா மொத பத்திரிகை உங்க வூட்டுக்குத்தான். தாய் மாமன் எடத்துல நீங்க வந்து நிக்கணும்."

கவிப்ரியா அம்மாவை முறைத்தாள். திம்மப்பன் ஆமாம் என்று தலையாட்டினான். முனிராஜ் சங்கடத்தோடு குல்லா இல்லாத தலையைத் தடவிக்கொண்டார். அவர் சிரித்து ரங்கம்மா அன்றுதான் முதலில் பார்த்தாள்.

"வந்து நிக்கறன். ஆனா கல்யாணத்த வெயில் காலத்துல மட்டும் வெச்சுராத தங்கச்சி."

கெம்பம்மா சிரித்துக்கொண்டே மாம்பழங்களை ஒரு பெரிய தவலைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அரிவாள்மணையையும் தட்டுகளையும் எடுத்துவர உள்ளே போனாள். வெயில் தாழ்ந்த பிறகுதான் கிளம்ப வேண்டும், சாப்பாடும் இங்கேதான் என்று அங்கிருந்தே சத்தமாகச் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. திம்மப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தான். முனிராஜ் கவிப்ரியாவிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்க ஆரம்பித்தார்.